டைல்ஸ் ஓரம் பல் பல்லாகப் பெயர்கிறதா? டைல்ஸைத் திட்டும் முன் பிளேடைப் பாருங்க!

கடை கடையாக ஏறி இறங்கி, குடும்பமே கூடி உட்கார்ந்து தேர்ந்தெடுத்த டைல்ஸ். தரையில் ஒட்ட ஆரம்பித்ததும், சுவர் ஓரத்துக்காக வெட்டிய துண்டுகள் மட்டும் எலி கடித்ததுபோல நிற்கும். ‘டைல்ஸ் குவாலிட்டி சரியில்ல சார்’ என்பார் மேஸ்திரி. கடைக்காரரிடம் கேட்டால், ‘வெட்டுனவர் சரியில்ல’ என்பார். இந்தச் சண்டையில் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடும் ஒன்று உண்டு. அது, கட்டரில் மாட்டியிருக்கும் டைமண்ட் பிளேடு.

நிஜமாகவே வைரமா?

ஆமாம், ஆனால் நகைக்கடை வைரம் இல்லை. தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிக்கும் வைரத் துகள்களை உலோகப் பொடியோடு கலந்து, சூடாக்கி அழுத்தி, எஃகு வட்டின் விளிம்பில் பதிப்பார்கள். இந்த பிளேடு கத்தியைப்போல வெட்டாது. தேய்த்துத் தேய்த்து அறுக்கும். உலோகம் தேயத் தேய, உள்ளே இருக்கும் புதுத் துகள்கள் வெளியே வரும். அதனால், விளிம்பைத் தடவிப் பார்த்து ‘கூரே இல்லையே’ என்று ஒதுக்க வேண்டாம்.

எந்த டைல்ஸுக்கு எது?

* செராமிக் டைல்ஸ்: பாத்ரூம், கிச்சன் சுவர்களில் ஒட்டுவது. இடைவெளியே இல்லாத முழு விளிம்பு கொண்ட பிளேடு பொருத்தமானது. வேகம் குறைவு, ஆனால் ஓரம் சுத்தமாக வரும்.

* விட்ரிஃபைட் டைல்ஸ்: இது 0.5 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அவ்வளவு இறுக்கமானது. விளிம்பில் வலைபோன்ற வரிகள் இருக்கும் மெல்லிய டர்போ பிளேடு நல்லது. பாக்கெட்டில் ‘விட்ரிஃபைட்’ அல்லது ‘போர்சலைன்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* கிரானைட், கான்கிரீட்: விளிம்பில் இடைவெளி விட்டு, துண்டு துண்டாக இருக்கும் செக்மென்ட் பிளேடு. வேகமாக அறுக்கும்.

பல வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். பைப் புதைக்கச் சுவரை வெட்டிய அதே செக்மென்ட் பிளேடை டைல்ஸுக்கும் போட்டுவிடுவார்கள். விளிம்பின் ஒவ்வொரு துண்டும் டைல்ஸின் மேல்பூச்சைத் தட்டித் தட்டி உடைக்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. பிளேடில் போட்டிருக்கும் அதிகபட்ச ஆர்.பி.எம், மெஷினின் ஆர்.பி.எம்மைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. 4 இன்ச் கிரைண்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் சுற்றுபவை.

2. நடு ஓட்டை மெஷினுக்குச் சரியாக உட்கார வேண்டும். லூஸாக இருந்தால் அதற்கான ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

3. தண்ணீரோடு மட்டும் வெட்டுவதா, தண்ணீர் இல்லாமலும் வெட்டலாமா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது அம்புக்குறியும் மெஷின் சுற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிளேடு திடீரென்று வெட்டவில்லையா?

கடினமான டைல்ஸையே தொடர்ந்து வெட்டினால், துகள்கள் மழுங்கி விளிம்பு வழவழப்பாகிவிடும். அழுத்தித் தள்ளினால் சூடேறும், டைல்ஸ்தான் உடையும். மணல் கலந்த சிமென்ட் கல்லிலோ செங்கல்லிலோ சில கோடுகள் போட்டால், புதுத் துகள்கள் வெளியே வந்து மீண்டும் வெட்டும்.

வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் லேசாகக் கீறி, பிறகு முழு ஆழத்துக்கு வெட்டினால் ஓரம் பெயர்வது குறையும். டைல்ஸ் முடியும் இடத்தில் கை இன்னும் மெதுவாகப் போகட்டும்.

தூசு, சும்மா தூசு இல்லை

டைல்ஸையும் கிரானைட்டையும் வெட்டும்போது பறக்கும் வெள்ளைப் புகையில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். அதை முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. முகத்தில் கட்டும் கர்ச்சீஃப் இந்தத் துகள்களைத் தடுக்காது. என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும்.

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும், பிளேடும் சூடாகாது. ஆனால், சாதாரண கிரைண்டரில் பக்கத்தில் நின்று மக்கில் தண்ணீர் ஊற்றுவது ஷாக் அடிக்க வழி செய்யும். தண்ணீர்க் குழாய் இணைப்பு உள்ள கட்டரையே பயன்படுத்த வேண்டும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருப்பதும் அவசியம். வேகம் தடைப்படுகிறது என்று பிளேடின் மேல்மூடியைக் கழற்றுவது, கழுத்தில் துண்டு தொங்கவிட்டு வெட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

நல்ல பிளேடு சில நூறு ரூபாய்தான். வேலை தொடங்கும் நாளில் ஒரு வேஸ்ட் துண்டை வெட்டச் சொல்லி ஓரத்தைப் பாருங்கள். அப்படியே, வெட்டுபவரிடம் மாஸ்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், பிளேடு வாங்கும் கடையிலேயே அதையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டு வேலை சில வாரத்தில் முடிந்துவிடும். அவருக்கு இதுதான் தினமும் வேலை.