சர்க்கரை ஏறுமுன்: இன்சுலின் எதிர்ப்பு உருவாகும் விதம்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் வட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்காலைகள் உள்ளிட்ட பல ஆலைகள் அங்கே இரவு பகலாக இயங்குகின்றன. திருவள்ளூர் மாவட்டத்து நெல்வயல்களில் ஏர் பிடித்தோரின் பேரப்பிள்ளைகளும் வட மாநிலங்களிலிருந்து வந்தோரும் அங்கே பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் என முறை மாற்றிப் பணிபுரிகிறார்கள். அவர்களுள் நாற்பதை எட்டாத ஒருவருக்குச் "சுகர் இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், நேற்று வந்த நோய் என்றே குடும்பம் எண்ணுகிறது. ஆனால் அந்நோய்க்கான ஆயத்தம் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் உடலில் தொடங்கியிருக்கும். அந்த ஆயத்தத்தின் பெயர் இன்சுலின் எதிர்ப்பு.

1921இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த பின், நீரிழிவு என்பது இன்சுலின் பற்றாக்குறையே என்று மருத்துவ உலகம் நம்பியது. 1936இல் லண்டன் மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் அந்நம்பிக்கையை அசைத்தார். இன்சுலின் செலுத்தியதும் சில நோயாளரின் உடல் நன்கு பணிந்தது. வேறு சிலரின் உடலோ அதைப் பொருட்படுத்தவில்லை. குருதியில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960இல் விரிவாக வெளியிட்டபோது ஐயம் தெளிந்தது. முதிர்ந்த வயதில் நீரிழிவு கண்ட பலரிடம் இன்சுலின் நிறையவே இருந்தது. பற்றாக்குறை சுரப்பில் இல்லை. இன்சுலினின் சொல் செல்லுபடியாவதில் இருந்தது.

உண்ட சோறு செரித்துக் குளுக்கோசாகக் குருதியில் கலந்ததும், கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசை உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியை இன்சுலின் பற்றுகிறது. உடனே உள்ளிருக்கும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டும் தொடர்வினை எழுகிறது. அதன் முடிவில் 'குளுட்-4' எனும் கடத்திப் புரதங்கள் உயிரணுவின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர்கின்றன. அவற்றின் வழியே குளுக்கோஸ் உட்புகுகிறது. அதே இன்சுலின், கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் ஆக்குவதை அடக்குகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு கரைந்து வெளியேறுவதையும் தடுக்கிறது.

இவ்வொழுங்கு குலைவது பெரும்பாலும் கொழுப்பின் இருப்பிடம் மாறுவதில் தொடங்குகிறது. செலவாகாத உணவின் ஆற்றலைத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திசு சேமிக்கிறது. அதன் கொள்ளளவு நிரம்பியதும், மிஞ்சிய கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. அங்கே பெருகும் டையசைல்கிளிசரால் என்னும் கொழுப்புப்பொருள், புரதக் கைனேஸ்-சி வகை நொதிகளைத் தூண்டுகிறது. அவை ஏற்பியிலிருந்து செல்லும் செய்தியை நடுவழியிலேயே மட்டுப்படுத்துகின்றன. ஆலையில் சங்கு ஊதியும் வாயிற்கதவு திறவாத நிலை இது. மறுபுறம், அளவுக்கு மீறிப் பருத்த கொழுப்பு உயிரணுக்களிடையே நோயெதிர்ப்பு அணுக்கள் குவிந்து அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. அவையும் அதே செய்தியைக் குலைக்கின்றன.

இன்சுலினுக்குக் கட்டுப்படாத கல்லீரல், உணவில்லாத இரவிலும் தேவைக்கு மேல் குளுக்கோசைக் குருதியில் இறக்குகிறது. ஆயினும் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வேலையை மட்டும் அது கைவிடுவதில்லை. அதனால் கொழுப்பு மேலும் படிந்து எதிர்ப்பும் வளர்கிறது. இதை ஈடுகட்டப் பீட்டா உயிரணுக்கள் இரட்டிப்பாய் உழைத்துக் கூடுதல் இன்சுலினைப் பொழிகின்றன. எனவே குருதிச் சர்க்கரை இயல்பாகவே காட்சி தருகிறது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடிப்பது இந்த மிகைச் சுரப்பின் வெளி அடையாளங்களுள் ஒன்று. நம்மில் பலர் அதை அழுக்கென்று தேய்க்கிறோம். ஆண்டுகள் செல்ல, பீட்டா உயிரணுக்கள் களைத்துக் குறைகின்றன. அன்றுதான் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை ஏறுகிறது.

மெலிந்த உடலினர் தமக்கு இது வராது என்று கருதலாகாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் குழு, இந்தியக் குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. சராசரி 2.7 கிலோ எடையுடன் பிறந்த புனே குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. இத்தகைய உடலில் சிறு தொப்பையும் பெருங்கேடு செய்யும்.

இரவுப்பணியும் அதனால் குறையும் உறக்கமும் இன்சுலின் எதிர்ப்புக்குத் துணைபோகின்றன. சிகாகோவில் ஈவ் வான் காட்டரின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், நலமான இளைஞர்கள் ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருந்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் குன்றியது. உடலின் உட்கடிகாரம் ஓய்வை எதிர்நோக்கும் நள்ளிரவில் உண்ணும் வெள்ளைச்சோறு, பகலில் உண்பதைவிடச் சர்க்கரையை மிகுதியாக உயர்த்துகிறது.

இந்நிலை மாற்றக்கூடியது என்பதற்குச் சென்னையே சான்று. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் பணிபுரியும் நிறுவனங்கள் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2006இல் வெளியான அதன் முடிவின்படி, வழக்கமான வாழ்வைத் தொடர்ந்தோரில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நீரிழிவை அடைந்தனர். உணவைச் சீராக்கி நாள்தோறும் நடந்தோரிடம் அது ஏறத்தாழ 39 விழுக்காடாகக் குறைந்தது. உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே இப்பயன் கிட்டியது. காரணம் தசையில் உள்ளது: இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குளுட்-4 கடத்திகளை மேற்பரப்புக்குக் கொணர்ந்து குளுக்கோசை உட்கொள்கிறது.

தமிழ்நாடு அரசின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் பணியிடத்திலேயே பரிசோதனைக்கு வழிசெய்துள்ளது. ஆலை நிருவாகங்கள் அதை வரவேற்பதோடு, கேன்டீன் தட்டில் சோற்றைக் குறைத்துச் சுண்டலும் காய்கறியும் கூட்ட வேண்டும். ஓயாத முறைமாற்றத்தைத் தவிர்த்து, தொழிலாளர் உறங்க நேரம் விட வேண்டும். தொழிலாளத் தோழர்களே, சர்க்கரை ஏறும்வரை காத்திராதீர்கள். ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்னும் எல்லையைத் தொட்டிருந்தால், இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இன்றே நடக்கத் தொடங்குங்கள்.