பாங்காக், கோலாலம்பூர் போறீங்களா? பக்கத்திலேயே இருக்கும் பழைய தலைநகரங்களை மிஸ் பண்ணாதீங்க!

கோடை விடுமுறைக்கு வெளிநாடு என்றதும் பல வீடுகளில் பட்டியல் தயாராக இருக்கும். பாங்காக் - பட்டாயா, கோலாலம்பூர் - சிங்கப்பூர், கொழும்பு - கண்டி, காத்மாண்டு - போக்ரா. நான்கு இரவு, ஐந்து பகல். ஷாப்பிங் மால், கேபிள் கார், பீச் என்று சுற்றிவிட்டுத் திரும்பினால் போன் முழுக்க போட்டோ இருக்கும். ஆனா, ‘அந்த நாட்டோட கதை என்ன?’ என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அந்தக் கதை பெரும்பாலும் நாம் தங்கும் ஹோட்டலிலிருந்து சில மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது. இன்றைய பெருநகரங்கள் வளர்வதற்கு முன்பு அதிகாரம் இருந்த ஊர்கள் அவை. போரில் தோற்றும், கைவிடப்பட்டும், பட்டத்தை இழந்தும் ஒதுங்கிய ஊர்கள். பேக்கேஜ் டூர்களில் இவற்றுக்குக் கிடைப்பது அரை நாள், அல்லது அதுவும் இல்லை. ஏற்கெனவே போட்டிருக்கும் பயணத்தில் ஒரு நாள் கூட்டினால் பார்க்கக்கூடிய அப்படிப்பட்ட 4 ஊர்கள் இங்கே.

அயுத்தயா: பாங்காக்கின் ‘அம்மா’ ஊர்

பாங்காக்கிற்கு வடக்கே சுமார் 80 கி.மீ. ரயிலில் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஆற்றை ஒரு சின்னப் படகில் கடந்தால் பழைய நகரம். சாவோ பிரயா, லோப்புரி, பா சக் என மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு இது. பெயரைக் கேட்டாலே புரியும்; நம்ம அயோத்தியிலிருந்து வந்த பெயர்தான்.

1350 வாக்கில் உருவான இந்த நகரம் 417 ஆண்டுகள் சயாமின் தலைநகரமாக இருந்தது. சீனர், ஜப்பானியர், பாரசீகர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் எல்லோரும் வந்து வியாபாரம் செய்த ஊர். 1767-ல் பர்மியப் படை நகரைக் கைப்பற்றி எரித்தது. அதன் பிறகு தலைநகரம் தெற்கே நகர்ந்தது. 1782-ல் பாங்காக் தலைநகரமானது. புதிய நகரத்தைக் கட்ட அயுத்தயாவின் செங்கற்களையே பெயர்த்துப் படகில் கொண்டுபோனார்கள். அதாவது, பாங்காக்கில் நாம் பார்க்கும் பழமையில் ஒரு பங்கு இங்கிருந்து போனது.

வாட் மகாதாட் கோயிலில் அரசமரத்தின் வேர்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் புத்தர் தலையைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். போட்டோ எடுக்கணும்னா குனிந்து அல்லது உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். புத்தர் தலையை விட நம் தலை உயரக் கூடாது என்பது அங்குள்ள மரியாதை. அதைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் சுற்றி ஒரு நடை நடந்தால், வரிசை வரிசையாகத் தலையில்லாத புத்தர் சிலைகள். போர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பொலன்னறுவை: சோழர்கள் பெயர் மாற்றிய நகரம்

இலங்கை பேக்கேஜில் கண்டி இருக்கும், சிகிரியா இருக்கும். சிகிரியாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய பொலன்னறுவை மட்டும் அடிக்கடி விட்டுப்போகும். தமிழ் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஊரே அதுதான்.

கி.பி. 993 வாக்கில் ராஜராஜ சோழனின் படை வட இலங்கையைப் பிடித்தது. பல நூற்றாண்டுகள் தலைநகரமாக இருந்த அனுராதபுரத்தை விட்டுவிட்டு, சோழர்கள் பொலன்னறுவையைத் தங்கள் ஆட்சிமையமாக்கி, ‘ஜனநாதமங்கலம்’ என்று பெயர் வைத்தார்கள். 1070-ல் முதலாம் விஜயபாகு சோழர்களை வெளியேற்றினார். ஆனால் தலைநகரை அவர் அனுராதபுரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. இங்கேயே தொடர்ந்தார். 12-ம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் ஊர் உச்சத்துக்குப் போனது. கடல் மாதிரி விரிந்திருக்கும் ‘பராக்கிரம சமுத்திரம்’ ஏரி அவர் பெயரில்தான் இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது.

‘சிவ தேவாலயம் எண் 2’ என்ற பலகைக்குப் பின்னால் நிற்பது வானவன் மாதேவி ஈச்சரம். சோழ அரசியின் பெயரைத் தாங்கிய, முழுக்கக் கல்லால் ஆன சின்னக் கோயில். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிற்கிற மாதிரியே இருக்கும். கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஆச்சரியம்: புத்தரின் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு. ‘தமிழர் - சிங்களர்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லப்படும் வரலாறு, இங்கே அத்தனை நேராக இல்லை என்பதை ஒரு கல்லே சொல்லிவிடுகிறது. ஒரே பாறையில் செதுக்கிய கல் விகாரை புத்தர் சிலைகளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பணும்.

மலாக்கா: தமிழ் பேசாத தமிழ் வம்சம்

கோலாலம்பூர் 1857-ல் தகரச் சுரங்கத்தை ஒட்டி முளைத்த ஊர். மலாக்காவோ 1400 வாக்கில் பரமேஸ்வரா என்ற இளவரசர் நிறுவிய துறைமுகம், சுல்தான்களின் தலைநகரம். 1511-ல் போர்ச்சுகீசியர், 1641-ல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தின் மூலம் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் சுமார் 2 மணி நேரம்.

சுற்றுலாக் கூட்டம் சிவப்புக் கட்டடங்கள் இருக்கும் டச்சுச் சதுக்கத்திலும் ஜோங்கர் தெருக் கடைகளிலும் நின்றுவிடும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், 1781-ல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், 1748-ல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17-ம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் ஒரே தெருவை ஒட்டி நிற்கின்றன.

விநாயகர் கோயில் நிலம் டச்சு ஆட்சி காலத்தில் மலாக்கா செட்டிகளுக்குக் கிடைத்தது. யார் இவர்கள்? சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து, அந்த மண்ணின் பெண்களைத் திருமணம் செய்துகொண்டு தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம். வீட்டில் பேசுவது மலாய். உடையிலும் சமையலிலும் மலாய் வாசம். கும்பிடுவது மட்டும் பிள்ளையாரும் மாரியம்மனும். காஜா பெராங் பகுதியில் இருக்கும் இவர்களது குடியிருப்பு இன்று மிகச் சிறியது. இளையவர்கள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். மொழி போன பிறகும் ஐந்நூறு ஆண்டுகளாகச் சாமி மட்டும் எப்படித் தங்கியது? புத்தகத்தில் தேடுவதை விட அங்கே போய்க் கேட்கலாம்.

பக்தபூர்: சித்திரை முதல் நாளில் தேர் ஓடும் ஊர்

காத்மாண்டுவிலிருந்து வெறும் 13 கி.மீ. மல்ல மன்னர்களின் தலைநகரமாக இருந்து, 1769-ல் கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷாவிடம் வீழ்ந்த ஊர். அதிகாரம் காத்மாண்டுவுக்குப் போனது. செங்கல் தெருக்களும் மர ஜன்னல்களும் இங்கே நின்றுவிட்டன.

ஐந்து அடுக்கு நியாதபோலா கோயில் 1702-ல் பூபதீந்திர மல்லர் கட்டியது. படிகளில் கீழிருந்து மேலாக மல்லர்கள், யானைகள், சிங்கங்கள் என்று ஜோடி ஜோடியாகக் காவல். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே இருப்பதைப் போலப் பத்து மடங்கு பலம் என்பது நம்பிக்கை. 1934, 2015 ஆகிய இரண்டு பெரிய நிலநடுக்கங்களையும் இந்தக் கோயில் தாங்கியது. ஆனால், அருகிலிருந்த வத்சலா துர்கா கற்கோயில் 2015 ஏப்ரல் 25 அன்று இடிந்து விழுந்தது. பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. வெளிநாட்டவரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் நகராட்சிக்குப் போய், இப்படிப்பட்ட பராமரிப்புக்கும் செலவாகிறது. சார்க் நாட்டினருக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

ஏப்ரல் நடுவில் போனால் பிஸ்கெட் ஜாத்ரா. நேபாளப் புத்தாண்டை ஒட்டி பைரவர் தேரை ஊரே இரண்டாகப் பிரிந்து இழுக்கும். நம்ம சித்திரைத் திருநாளும் அதே நாட்களில்தான். மண் சட்டியில் உறைய வைத்த ‘ஜூஜு தவ்’ தயிரைச் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை.

போகும் முன் என்ன கவனிக்கணும்?

வெயில்: அயுத்தயா, பொலன்னறுவை இரண்டிலும் ஏப்ரல், மே மாதங்களில் நம்ம ஊர் வெயிலே பரவாயில்லை என்று தோன்றலாம். காலை திறந்தவுடன் போய்விட்டு, மதியம் அறையில் இருங்கள். பக்தபூர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இதமாக இருக்கும். மாலை மழைக்குக் குடை வேண்டும்.

காலணி: பொலன்னறுவையின் புனித இடங்களில் செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்ற வேண்டும். கல் சுடும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தால் போதும்.

மரியாதை: இலங்கையிலும் தாய்லாந்திலும் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். சிலை மீது ஏறுவது, சாய்வது பெரிய பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

விசா: நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். மற்ற மூன்று நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் அரசு இணையதளத்தில் பாருங்கள்.

ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறதா? சின்னப் பிள்ளைகளோடு போனால் பக்தபூர்; நடக்க எளிது, வெயிலும் குறைவு. வரலாறு படிக்கும் பிள்ளை இருந்தால் பொலன்னறுவை. வயதானவர்களோடு போனால் மலாக்கா. பார்க்க வேண்டியதெல்லாம் நடை தூரத்தில், கோயிலும் பக்கத்தில். பாங்காக்கில் ஒரு நாள் ஷாப்பிங்கைக் குறைக்க முடிந்தால் அயுத்தயா. மால் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். பிள்ளைகளுக்கு இந்த வயது திரும்ப வராது.