கவுன்ட் ஏராளம், காவல் இல்லை

ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள் வரை இருக்கும். லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த சிலருக்கு இது 80,000, ஒரு லட்சம் என்று எகிறிவிடும். கிருமியை எதிர்ப்பது வெள்ளையணு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் இவர்களைக் கிருமி அண்டவே கூடாது அல்லவா? நடப்பது நேர்மாறு. ஒரு சின்னக் காய்ச்சல்கூட இவர்கள் உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

வெள்ளையணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்து, பிறகுதான் ரத்தத்துக்குள் இறங்கும். 'அக்யூட்' வகை லுக்கீமியாவில் அணுக்கள் முதிர்வதே இல்லை. 'பிளாஸ்ட்' எனப்படும் இளநிலையிலேயே நின்று பெருகிக்கொண்டே போகின்றன. கிருமி இருக்கும் இடம் தேடிப் போகவும், அதை விழுங்கிக் கொல்லவும் இவற்றுக்கு வராது. போதாக்குறைக்கு மஜ்ஜையை அடைத்துக்கொண்டு, நல்ல அணுக்கள் உருவாவதையும் கெடுக்கின்றன. ஊர் கொள்ளாத கூட்டம், காவலுக்கு ஒருவருமில்லை.

அதனால்தான் டாக்டர்கள் 'டோட்டல் கவுன்ட்'டோடு நிற்பதில்லை. கிருமியோடு முதலில் மல்லுக்கு நிற்கும் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். டோட்டல் 40,000, அதில் நியூட்ரோஃபில் 1 சதவீதம் என்றால், வேலைக்கு ஆகிற அணு 400தான். 500க்குக் கீழே போனால் ஆபத்து, 100க்குக் கீழே போனால் பேராபத்து. இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜெரால்டு போடி குழு, 52 லுக்கீமியா நோயாளிகளை வைத்துச் செய்து 1966-ல் வெளியிட்ட ஆய்வு. எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்பதோடு, எத்தனை நாள் குறைந்தே கிடக்கிறது என்பதும் முக்கியம் என்று அது காட்டியது.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. புண்ணில் வரும் சீழில் பெரும்பங்கு, செத்துப்போன நியூட்ரோஃபில்கள்தாம். அவை இல்லாதவருக்குத் தொற்று முற்றினாலும் சீழ் கட்டாது, வீக்கமும் சிவப்பும் பெரிதாகத் தெரியாது. நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருந்தாலும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். மிஞ்சுகிற ஒரே அடையாளம் பல நேரம் காய்ச்சல் மட்டும்தான். பார்க்க வருகிறவர்களைத்தான் வீட்டார் சந்தேகிப்பார்கள்; ஆனால் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்த வாயிலும் குடலிலும் இருந்தே கிளம்புகிறது. கீமோ மருந்து அங்கேயுள்ள மெல்லிய உள்சவ்வைப் புண்ணாக்கி, அதற்கு வழி திறந்துவிடுகிறது.

1960களில் அதே புற்றுநோய் நிறுவனத்தில், பெதஸ்டாவில் இருந்த எமில் ஃப்ரைரைக் என்ற டாக்டர் இதற்கு ஒரு விசித்திரமான வழி கண்டார். நல்ல வெள்ளையணுவை ரத்தம்போல் ஏற்றினால் என்ன? ஆரோக்கியமானவரிடம் எடுக்கிற அளவு போதவில்லை. எனவே அவர் நாடியது இன்னொரு லுக்கீமியா நோயாளியை! 'குரோனிக் மைலாய்டு' வகையில் அணுக்கள் மிதமிஞ்சிப் பெருகினாலும் முதிரவும் செய்கின்றன. பெரும்பாலும் வேலையும் பார்க்கின்றன. ஒருவருக்கு நோயாக இருந்த உபரி இன்னொருவருக்கு மருந்தானது. இன்றைக்கு யாரும் துணிய மாட்டார்கள்.

தன் மகனுக்கு லுக்கீமியா வந்ததால் பெதஸ்டாவுக்குப் போன ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன், ஓடும் ரத்தத்திலிருந்து வெள்ளையணுவை மட்டும் பிரிக்கும் இயந்திரத்தை ஃப்ரைரைக்கோடு சேர்ந்து உருவாக்கினார். வெள்ளையணு ஏற்றுவது இப்போது அபூர்வம். ஆனால் பிளேட்லெட்டும் ஸ்டெம் செல்லும் பிரித்தெடுக்கும் இன்றைய இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை.

உண்மையான திருப்பத்தைத் தந்தது ஆன்டிபயாடிக்தான். எந்தக் கிருமி என்று கல்ச்சர் ரிசல்ட் வருவதற்குள் பல நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். 1971-ல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் குழு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் காய்ச்சல் கண்டதுமே இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றி, அதன் பலனை வெளியிட்டது. ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் உலகம் முழுக்க இன்றும் விதி. மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபிலைப் பெருக்கும் ஊசி 1991-லிருந்து துணைக்கு இருக்கிறது.

முதியவர்களுக்கு அதிகம் வரும் 'குரோனிக் லிம்போசைட்டிக்' வகையில் கோளாறு வேறு. அங்கே கெடுவது லிம்போசைட் என்ற வெள்ளையணு. அதனால் ஆன்டிபாடி சுரப்பு குறைகிறது; நிமோனியாவும் அக்கியும் அடிக்கடி வருகின்றன. இவர்களுக்கு உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி போடக் கூடாது.

வீட்டில் யாராவது கீமோ எடுக்கிறார்களா? ஒரு தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு தடவை 101 டிகிரி காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலே போகலாம். குளிர் நடுக்கம் வந்தாலே கிளம்பிவிடுங்கள். நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போய், 'கீமோ நடக்கிறது, காய்ச்சல் இருக்கிறது' என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும்.