வாசலுக்கு என்ன விலை?

கம்மாபுரம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்களின் கணக்கு நோட்டில் வாசல் கடைசிப் பக்கத்தில்தான் வரும். அஸ்திவாரம், பில்லர், தளம், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று எல்லாம் முடிந்து, கையிருப்பும் வாங்கிய கடனும் தீர்ந்த நேரத்தில், வீட்டுக்கு முன்னால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் சிதறிய ஓர் இடம் மிஞ்சும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகியிருக்கும். அப்போது யாராவது செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கருங்கல் பாவியது போலத் தெரியும். உண்மையில் வண்ணம் தூவி அச்சுப் பதித்த கான்கிரீட். "இது சதுர அடி என்ன விலை?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

சென்ற வாரம் சுற்றுச்சுவரோடு நின்றோம். இந்த வாரம் சுவருக்கும் திண்ணைக்கும் நடுவில் இருக்கும் இடம்.

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போகிற சாலையில் இருக்கிறது கம்மாபுரம். ஒரு பக்கம் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம். இரண்டுக்கும் உறவு உண்டு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் கிடைத்ததால்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழில் வேர்பிடித்தது. அந்தத் தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தச் சூளைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் பியூஸ் கட்டைகள், பொம்மைகள், அகல் விளக்குகள் போன்ற சிறு பொருள்கள். தரை டைல்ஸுக்கு இந்தியா முழுவதும் நம்பியிருப்பது குஜராத்தின் மோர்பியை. செராமிக் ஊரின் கூடத்திலும் மோர்பி டைல்ஸ்தான் பதிகிறது. வாசலுக்கோ அதுவும் உதவாது. வழவழப்பான டைல்ஸ் மீது ஒரு தூறல் விழுந்தால் போதும், வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். ஆகவே வாசலுக்குக் கான்கிரீட் அல்லது பேவர் பிளாக் என்றுதான் பேச்சு வந்து நிற்கிறது.

முதலில் அலங்காரம் எதுவும் இல்லாத தளத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். 20 அடி நீளம், 10 அடி அகலம். மொத்தம் 200 சதுர அடி. கனம் 4 அங்குலம். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற எம்-20 கலவைக்கு ஏறத்தாழ 15 மூட்டை சிமென்ட், 28 கன அடி எம்-சாண்ட், 56 கன அடி முக்கால் அங்குல ஜல்லி வேண்டும். விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், மூட்டை 320 ரூபாய், எம்-சாண்ட் கன அடி 60, ஜல்லி 50 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சிமென்ட் 4,800, மணல் 1,680, ஜல்லி 2,800, ஆக 9,280 ரூபாய். சதுர அடிக்கு 46 ரூபாய் சரக்குக்கே போகிறது. கூலியும் கலவை மெஷின் வாடகையும் வண்டிச் சத்தமும் இதற்கு மேல்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வீடு கட்டுகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி என்று பேசப்பட்டது. முழு வீட்டுக்கு அது உண்மைதான். இந்த வாசலுக்குப் பார்த்தால், இன்று 320 ரூபாய்க்கு வரும் மூட்டை பழைய வரியில் 347 ரூபாய். 15 மூட்டைக்கு மிச்சம் 405 ரூபாய். ஒரு சித்தாளின் ஒரு நாள் கூலிக்கும் காணாது.

வாசல் செலவைத் தீர்மானிப்பது வேறு. மண்.

வீடு கட்டும்போது தோண்டிப்போட்ட மண்ணையே வாசலில் நிரவி, மேலே தண்ணீர் தெளித்து, அப்படியே கான்கிரீட் கொட்டுவது பல இடங்களில் நடக்கிறது. மண் இறுகாத இடத்தில் தளம் தொங்கி நிற்கும். முதல் லாரியோ டிராக்டரோ ஏறும்போது விரிசல் விடும். கருங்களி மண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மழைக்கு ஊதி, கோடைக்குச் சுருங்கி, தளத்தை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த மண்ணை ஓரளவு எடுத்துவிட்டு கிராவலோ கிரஷர் டஸ்டோ போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். இந்த வேலைக்குப் பணம் கேட்கும் மேஸ்திரியைச் சந்தேகமாகப் பார்ப்பதும், கேட்காத மேஸ்திரியை "ரேட்டு கம்மி" என்று பிடிப்பதும் நம் ஊர் வழக்கம். கனத்தை 4 அங்குலத்திலிருந்து 3 ஆக்கினால் மேற்கண்ட கணக்கில் 2,320 ரூபாய் மிச்சமாகும். பிறகு உடைத்துப் போடும்போது இடிக்கும் கூலிக்கே அந்தத் தொகை போதாது.

வாட்டமும் அப்படித்தான். 10 அடிக்கு 2 அங்குலமாவது தெருப்பக்கம் சரிவு வேண்டும். அதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ரசமட்டம் பிடித்துப் பார்க்கப் பொறுமை இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற கடலூர் மாவட்டத்தில் வாட்டம் தப்பிய வாசல், தண்ணீரைத் திண்ணைக்கே திருப்பி அனுப்பும்.

இனி அலங்காரம். கான்கிரீட்டில் அச்சுப் பதிக்கும் முறை அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மான்டரே பகுதியில், 1950களில் பிராட் போமன் என்பவரால் உருவாக்கப்பட்டது. அவர் பெயரையொட்டி போமனைட் என்ற நிறுவனமே பின்னால் வளர்ந்தது. முறை கேட்க எளிதாக இருக்கும். கான்கிரீட்டைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்த பிறகு, வண்ணம் கலந்த சிமென்ட் தூளை இரண்டு தடவையாகக் கையால் வீசித் தேய்த்து இறக்க வேண்டும். ஒட்டாமல் இருக்க இன்னொரு தூள். அதன்மேல் பாலியூரிதேன் அச்சுப் பாய்களை வைத்து அடித்துப் பதிக்க வேண்டும். பிறகு கழுவி, காயவிட்டு, மேலே சீலர் பூச வேண்டும்.

சிரமம் நேரத்தில் இருக்கிறது. கான்கிரீட் மிக இளசாக இருந்தால் பாய் அமிழ்ந்து போகும். இறுகிவிட்டால் அச்சு பதியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம், சித்திரை வெயிலில் சுருங்கிப்போகும். அதனால் இந்த வேலையை இரண்டு பேரை வைத்துச் செய்ய முடியாது. ஒரு குழுவே நிற்க வேண்டும். 200 சதுர அடிக்கும் அதே குழு, அதே பாய்கள், அதே வண்டி. 2,000 சதுர அடியில் பங்கு பிரிந்துபோகும் செலவு முழுவதும் 200 சதுர அடியின் தலையில் இறங்குகிறது. பெரிய நகரத்துப் பங்களாவுக்குச் சொன்ன சதுர அடி விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு, கிராமத்துச் சின்ன வாசலுக்கும் அதே விலை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வண்ணத்தூள் வழக்கமான அளவில் 100 சதுர அடிக்கு 27 கிலோ பிடிக்கும். நம் வாசலுக்கு 54 கிலோ. சீலர் பூச்சு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஒன்று. முதல் நாள் ரசீதில் ஒரே ஒரு வரியாக இருக்கும் அது, பத்து ஆண்டுகளில் நான்கு வரியாகிவிடும். மதிப்பீடு வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

பணத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றையும் பார்க்க வேண்டும். கம்மாபுரம் வட்டாரத்தில் வாசல் என்பது வேலை நடக்கும் இடம். நெல் காயும், உளுந்து காயும், மணிலா காயும். கல் மாதிரி வரிவரியாகப் பள்ளம் விழுந்த அச்சுத் தளத்தில் நெல்லைக் கொட்டினால், வாரும்போது பள்ளத்துக்குள் மணி சிக்கிக்கொள்ளும். மார்கழிக் கோலத்துக்கும் அந்தச் சொரசொரப்பு ஒத்துவராது. சீலர் பளபளப்பில் மாவு பிடிக்காமல் நழுவும். நடுப்பகுதியை மணியாஸ் கட்டையால் தேய்த்த சாதாரணத் தளமாக விட்டு, ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்கு மட்டும் அலங்காரம் செய்வது இங்கே எல்லா வகையிலும் பொருந்தும். அந்த ஓரத்துக்கு அச்சுக் குழுவும் தேவையில்லை. சிமென்ட் எடையில் நூற்றுக்கு 5 பங்கு இரும்பு ஆக்சைடு கலந்து மேல்பூச்சு போட்டால் சிவப்பு நிற்கும். ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றப்படுவதும் ஆக்சைடு கலந்த சிமென்ட்தான். அந்தக் கைவேலை தெரிந்த நாட்டில், வாசலுக்கு வண்ணம் வேண்டுமென்றால் மான்டரேயைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பேவர் பிளாக்குக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய ஆவணம் 15658, வண்டி ஏறாத இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனமும் எம்-30 வலுவும், கார் போன்ற லேசான வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டரும் எம்-35ம் சொல்கிறது. கடையில் கல்லைத் தட்டிப் பார்த்து, பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். ரப்பர் அச்சில் வார்த்த கல் பளபளவென்று இருக்கும். மழையில் வழுக்கவும் செய்யும். எந்த வலு, எத்தனை நாள் தண்ணீரில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளை வியாபாரியிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஓரத்தில் கான்கிரீட் கட்டு போடாமல் பதித்தால், கற்கள் மெல்ல வெளியே நகர்ந்து இடைவெளி விழும். அந்த ஓரக்கட்டின் செலவைப் பல மதிப்பீடுகள் விட்டுவிடுகின்றன.

ஆனால் இந்த வட்டாரத்தில் பேவர் பிளாக்குக்கு வேறெங்கும் இல்லாத ஒரு மதிப்பு உண்டு. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற நெல்வயல்களுக்குள் நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சுரங்கத்தின் எல்லை எந்த ஊர்வரை வரும் என்ற கவலையோடுதான் சுற்று வட்டாரத்தில் பலர் வீடு கட்டுகிறார்கள், பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், வாசலுக்குச் செலவு செய்யலாமா என்று யோசிக்கிறார்கள். கொட்டிய கான்கிரீட்டை யாரும் எடுத்துப்போக முடியாது. மணல் படுகையில் பதித்த கல்லைப் பெயர்த்து, டிராக்டரில் ஏற்றி, வேறு மனையில் மறுபடி பதிக்கலாம். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினாலும் அப்படியே. சதுர அடிக்குப் பத்து, இருபது ரூபாய் கூடுதலானாலும், ஊரைவிட்டுப் போகும் அபாயம் தலைக்குமேல் இருக்கும் குடும்பத்துக்குக் கையோடு வரக்கூடிய வாசலே நியாயமான தேர்வு. எந்தக் கட்டுமான விலைப் பட்டியலும் இதைச் சொல்லாது.

செராமிக் ஊருக்கு வாசலில் இடமே இல்லையா? இருக்கிறது. சூளையில் வெடித்ததும் வளைந்ததுமான சரக்கு எல்லா செராமிக் ஊரிலும் குவியும். மின் இன்சுலேட்டர் கழிவை நொறுக்கி, கருங்கல் ஜல்லிக்குப் பதிலாகப் போட்டுச் செய்த கான்கிரீட்டைப் பற்றி செந்தாமரை, தேவதாஸ் மனோகரன் என்ற இருவர் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரணக் கான்கிரீட்டின் வலிமையிலிருந்து அது பெரிதும் மாறுபடவில்லை என்பது அதன் முடிவு. சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கி, 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தில் சுவர்களும் உருவங்களும் உடைந்த பீங்கானாலும் கழித்த மின்சாதனப் பாகங்களாலும் ஆனவை. விருத்தாசலத்துக் கழிவுப் பீங்கானை வாசல் ஓரத்தில் பதிக்க ஒரு கொத்தனாரும் ஒரு நாளும் போதும். மெருகுப் பக்கம் வழுக்கும், உடைந்த முனை காலைக் கிழிக்கும் என்பதால் நடைபாதையில் கூடாது. முனைகளை உரசி, சிமென்ட்டில் நன்கு அமிழ்த்திப் பதிக்க வேண்டும். இதைப் பயிலகத்து மாணவர்களும் தொழிற்பேட்டையினரும் சேர்ந்து ஒரு தொழிலாகவே வளர்க்கலாம். வெளியூர் அச்சுக்குக் கொடுக்கும் பணம் உள்ளூரில் தங்கும்.

கடைசியாகத் தண்ணீர். கடையில் இன்று கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் அதில் இருக்கலாம். இத்தகைய சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் 456. சாதாரண சிமென்ட்டுக்கே 7 நாள். கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் முன்னால் தளம் போட்டு, மறுநாள் பந்தல்கால் நட்டு, அதற்கு அடுத்த நாள் சமையல் பாத்திர வண்டியை ஏற்றுகிறவர்கள், சதுர அடிக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் பாதி வாசலைத்தான் வாங்கியிருக்கிறார்கள். தையில் அறுவடை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன் வரும் மாசி மாதம் இந்த வேலைக்கு ஏற்றது. தளம் போட்ட அன்றோ மறுநாளோ 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்குப் போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் தானே ஓர் இடம் பார்த்து வெடித்துக்கொள்ளும். வெட்டுக்கான கூலியை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது. வேலை நடுவில் கேட்டால் அதற்குத் தனி விலை.

அடுத்த வாரம்: மொட்டைமாடி ஒழுகலும் தட்டோடும்.