மின்சாரம் நின்றாலும் மூச்சு நிற்கக் கூடாது

2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களைச் சூழ்ந்த வெள்ளத்தை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பி ஒருவர் படுத்திருக்கிறாரா? மின்தடைக்கு முதலில் தயாராகுங்கள்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். கருவியிலுள்ள ஜியோலைட் மணிகள் அதைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் மிகுந்த காற்று குழாயில் வருகிறது. காற்றை அழுத்தும் மோட்டார் நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைச் சாயாதபடி கட்டி வையுங்கள். அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு, அதன்மேல் எழுதி ஒட்டுங்கள்.

ஆக்சிஜன் மிகுந்தால் சிறு பொறியும் மூர்க்கமாக எரியும். சாமி விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

மழை வலுத்தால், தண்ணீர் வாசலைத் தொடும்வரை காத்திராமல் நோயாளியை முன்கூட்டியே இடம் மாற்றுங்கள். துயர் துடைப்பு மையத்தில் மின் இணைப்பு கிடைக்குமா என்பதையும் விசாரித்து வையுங்கள்.