படம் வரல... பில் மட்டும் கரெக்டா வருது! கேபிள், டிஷ், இன்டர்நெட் புகாரை யார்கிட்ட சொல்றது?

திண்டுக்கல்: ராத்திரி 8 மணி, சீரியல் தொடங்குற நேரம். டிவியை போட்டால் ‘நோ சிக்னல்’. கேபிள்காரருக்கு போன் போட்டால் ரிங் போகுது, எடுக்க ஆளில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் ‘மெயின் லைன்ல பிராப்ளம், வந்துரும்’ என்பதோடு சரி. மறுநாளும் அதே பதில். ஆனால் மாசம் பிறந்தால் வசூலுக்கு மட்டும் ஆள் டாண்ணு வந்து நிற்கிறார்.

திண்டுக்கல் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே புலம்பல்தான். கேபிளை வெட்டிவிட்டு டிஷ்சுக்கு மாறினால் மழை வந்தா படம் கட். இன்டர்நெட் வாங்கினால் ‘100 எம்.பி.பி.எஸ்.’ என்று எழுதிக் கொடுத்தது எங்கே போச்சு என்று தெரியவில்லை. மூணு பேருமே காசை முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். ரிப்பேர் என்றால் மட்டும் இழுத்தடிப்பு.

70 ரூபாயும் இப்போதைய கணக்கும்

2006ல் தொடங்கி அரசு இலவச கலர் டிவி கொடுத்தபோது கேபிள் கனெக்ஷன் வீட்டுக்கு வீடு தேவையாகிவிட்டது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அந்த 70 ரூபாயை இன்றைக்கும் பெரியவர்கள் மறக்கவில்லை. ‘அப்போ 70, இப்போ எதுக்கு இவ்வளவு?’ என்ற சண்டை வாசலுக்கு வாசல் நடக்கிறது.

காரணம் இதுதான். அது பழைய அனலாக் காலம். பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019 பிப்ரவரியில் புதுக் கட்டண முறையை அமல்படுத்தியது. அதன்படி பில்லில் ரெண்டு பங்கு. ஒன்று, லைன் வாடகை மாதிரி நெட்வொர்க் கட்டணம். இதற்கு அப்போது 130 ரூபாய் உச்சவரம்பு. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அதற்கு 100 சேனல் என்று இருந்தது, 2020ல் 200 சேனல் என்று கூட்டினார்கள். ரெண்டாவது பங்கு, கட்டணச் சேனல்களின் விலை. சன், விஜய், ஸ்போர்ட்ஸ் எது வேண்டுமோ அதற்குத் தனித்தனி காசு. இந்த விலையை வைப்பது சேனல் கம்பெனி. தெருவில் வயர் இழுக்கிற கேபிள்காரர் இல்லை.

இதில் இன்னொரு சங்கதி. நெட்வொர்க் கட்டணத்திலும் முழுசு தெரு ஆபரேட்டருக்கு கிடைக்காது. மேலே சிக்னல் கொடுக்கிற பெரிய ஆபரேட்டரும் அவரும் வேறு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் 55க்கு 45 என்று பிரிக்கச் சொல்கிறது விதி. 45 பங்குதான் தெரு ஆபரேட்டருக்கு. மேலே கோளாறு என்றால் திட்டு வாங்குவதும் அவர்தான். 2022 நவம்பரில் அரசு கேபிள் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் ஒரேயடியாக முடங்கினபோது தெரு ஆபரேட்டர்கள் பாடு படுதிண்டாட்டம்.

2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. கட்டணத்தை கம்பெனியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதனால் ‘கவர்மென்ட் ரேட்டு 153தானே’ என்று இனி சண்டை போட்டால் எடுபடாது. எந்தெந்த சேனலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம். பார்க்காத சேனலை நீக்கச் சொல்லலாம். ரசீது கேட்கலாம். நிறைய வீடுகளில் இந்த ரசீதுதான் இல்லை. அட்டையில் பேனாவால் டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். நாளைக்கு கேஸ் என்று போனால் அந்த டிக்கை வைத்து என்ன செய்வது?

மழை பெஞ்சா டிஷ் அவுட்

டிஷ் வைத்தவர்கள் கஷ்டம் வேறு மாதிரி. டி.டி.எச். சிக்னல் ‘கே.யூ. பேண்ட்’ என்ற அலைவரிசையில் வருகிறது. சின்ன தட்டு போதும் என்பது இதில் லாபம். அடர்ந்த மழையும் கருமேகமும் அந்த அலையை உறிஞ்சிவிடும் என்பது நஷ்டம். பலத்த மழையில் பத்து இருபது நிமிஷம் படம் போனால் அது கம்பெனி குற்றம் இல்லை. சாதாரணத் தூறலுக்கே போனால்தான் விஷயம். தட்டு காற்றில் திரும்பியிருக்கும், எதிரே மரக்கிளை வளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் தட்டு முன்னால் இருக்கிற எல்.என்.பி.யில் தண்ணி இறங்கியிருக்கும். மெக்கானிக் வர சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று போனிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வந்து நின்ற பிறகு கேட்டால் அவர் சொன்னதுதான் ரேட்டு.

கம்பெனி பிடிக்கவில்லை என்று மாறலாம். ஆனால் செல்போன் நம்பர் மாதிரி பாக்ஸை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொன்றில் வேலை செய்யாது. பொதுவான பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020லேயே பரிந்துரை செய்தது. இன்னமும் பழைய பாக்ஸ் அலமாரி மேலே தூசி தின்றுகொண்டுதான் கிடக்கிறது.

டாக்டர் படிப்பு இல்ல, இது ஸ்பீடு

அடுத்தது இன்டர்நெட். ‘100 எம்.பி.பி.எஸ்.னு சொன்னாங்க, டவுன்லோடு போட்டா 12தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க’ என்பது அடிக்கடி கேட்கிற புகார். இதில் பாதி தப்புக் கணக்கு. கம்பெனி சொல்வது ‘பிட்’ கணக்கு. டவுன்லோடில் காட்டுவது ‘பைட்’ கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆக 12 காட்டினால் சரியாகத்தான் வருகிறது.

மீதிப் பாதி நிஜக் குறை. விளம்பரத்தில் ‘100 வரை’ என்று இருக்கும். அந்த ‘வரை’யை யாரும் கவனிப்பதில்லை. டேட்டா லிமிட் தாண்டினால் ஸ்பீடு எவ்வளவு குறையும் என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். சட்டப்படி பார்த்தாலும் 2 எம்.பி.பி.எஸ். வந்தாலே அதற்குப் பேர் பிராட்பேண்ட்தான். 2023ல்தான் அதை 2 ஆக்கினார்கள், அதற்கு முன்பு அரை எம்.பி.பி.எஸ். புகார் செய்வதற்கு முன் வைஃபையை விட்டுவிட்டு வயரை நேரே கம்ப்யூட்டரில் சொருகி ஸ்பீடு பார்த்து போட்டோ எடுத்து வைக்கவும். இல்லாவிட்டால் ‘உங்க வீட்டு சுவர்தான் சார் பிராப்ளம்’ என்று தட்டிக் கழித்துவிடுவார்கள்.

மொத்தமாக நெட் போய்விட்டால் ஃபைபர் பாக்ஸில் ‘எல்.ஓ.எஸ்.’ லைட்டைப் பார்க்க வேண்டும். அது சிவப்பாக மினுக்கினால் கண்ணாடி இழை எங்கேயோ அறுந்திருக்கிறது. ரோட்டுக்கும் சாக்கடைக்கும் ஜே.சி.பி. வைத்துத் தோண்டுகிற இடங்களில் இதுதான் நடக்கும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று கஸ்டமர் கேர் எத்தனை தடவை சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. ஆள் வந்து ஒட்டினால்தான் உண்டு. சிவப்பு லைட் இல்லை, ஆனாலும் நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் ரீசார்ஜ், லாகின், சர்வர் சமாச்சாரம். அதைப் போனிலேயே சரி செய்யலாம். ஆன்லைன் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் இருக்கிற வீட்டில் நாலு நாள் நெட் இல்லை என்றால் அது சீரியல் போன மாதிரி இல்லை. அன்றைய சம்பளமே போகிறது.

எங்கே போறது?

எல்லாரும் செய்கிற தப்பு, லைன்மேனிடம் வாயால் சொல்லிவிட்டு விடுவது. சட்டத்தின் கண்ணில் அது புகாரே இல்லை. கஸ்டமர் கேருக்குச் சொல்லி புகார் எண் வாங்க வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. கேபிள், டிஷ்சில் சிக்னலே இல்லை என்ற புகார்களில் 100க்கு 90ஐ 24 மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்கிறது 2017ல் வந்த விதிமுறை. நடக்காவிட்டால் அந்தக் கம்பெனியின் நோடல் அதிகாரிக்கு எழுதலாம்.

இன்டர்நெட்டுக்கு அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். 30 நாளைக்குள் அப்பீல் போட வேண்டும், கட்டணம் கிடையாது. 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 2024ல் வந்த விதிப்படி வீட்டு இன்டர்நெட் கோளாறு 3 நாளுக்கு மேல் இழுத்தால் வாடகையில் கழிவு தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

டிராய்க்கு எழுதுகிறேன் என்று சிலர் மிரட்டுவார்கள். டிராய் விதி போடும், தனி ஆள் புகாரை விசாரிக்காது. கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடும். அதைவிட 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போன் போடலாம்.

அதுக்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘டெலிபோன், இன்டர்நெட் கேஸ் இங்கே செல்லாது’ என்று முன்பு கம்பெனி வக்கீல்கள் சொல்வார்கள். 2009ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அப்படித்தான் இருந்தது. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே அதை மாற்றிவிட்டது. இப்போது தாராளமாகப் போகலாம். கட்டின பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்கு ஃபீஸ் இல்லை. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். கையில் இருக்க வேண்டியது பணம் கட்டின ரசீது, புகார் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சர்வீஸ் இல்லை என்ற கணக்கு. கனெக்ஷன் எடுத்தபோது கையெழுத்துப் போட்ட படிவத்தின் காப்பி இல்லை என்றால் இப்பவே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.