வீடு ஓசூரில், வேலை பெங்களூரில்: கம்பெனியில் கொடுத்த முகவரி சரியா?

ஓசூர்,

பொழுது விடிவதற்கு முன்பே ஓசூர் பஸ் நிலையம் விழித்துக் கொள்கிறது. கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை. கம்பெனி வேன், பஸ், ரெயில், பைக் என்று கிடைத்ததில் ஏறிக் கிளம்புகிறார்கள். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அவ்வளவுதான், மாநிலம் மாறிவிட்டது. சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று ஆளாளுக்கு ஒரு நிறுத்தத்தில் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். இரவு மறுபடியும் அதே ரோடு.

ஓசூருக்கும் பெங்களூருக்கும் சுமார் 40 கிலோ மீட்டர்தான். அங்கே வாடகை கட்டி மாளாது. இங்கே ரேஷன் கடை இருக்கிறது, பிள்ளைகளுக்கு தமிழ் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதனால் சம்பளம் அங்கே, குடித்தனம் இங்கே. அத்திப்பள்ளி பக்கம் இருந்து ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு எதிர்ப்பக்கமாக வருகிறவர்களும் உண்டு.

எல்லாம் நன்றாக நடக்கும் வரை பிரச்சினை இல்லை. ஏதாவது ஒன்று என்றால்தான் எந்த மாநிலத்தில் போய்க் கேட்பது என்ற குழப்பம் வருகிறது.

வழியில் விபத்து நடந்தால்...

இரண்டு பக்கமும் லாரி ஓடும் ரோடு. நைட் ஷிப்டு முடித்து அரைத் தூக்கத்தில் பைக் ஓட்டி வருகிறவர்கள் ஏராளம். விபத்து கம்பெனிக்கு வெளியே நடந்தால் ஒன்றும் கிடைக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ம் ஆண்டு 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டில் இருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ விபத்து நடந்தால் அதுவும் வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். இ.எஸ்.ஐ.யில் இல்லாத தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

ஆனால் ஒரு நிபந்தனை. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் சிலர் மாட்டிக் கொள்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது "தினமும் ஓசூரில் இருந்தா வருவே?" என்று கேட்பார்களே என்று பயந்து, பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். நாளைக்கு அத்திப்பள்ளி அருகே விபத்து நடந்தால், "வீடு மடிவாளாவில், ஆள் இங்கே எதற்கு வந்தார்?" என்ற கேள்வி வரும். குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய பணம் அந்தக் கேள்வியில் நின்றுவிடும்.

எனவே கம்பெனி பதிவேட்டிலும் இ.எஸ்.ஐ. பதிவிலும் குடியிருக்கும் முகவரியைக் கொடுப்பதுதான் நல்லது. கொடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. இ.எஸ்.ஐ. எண் நாடு முழுக்க ஒன்றுதான். குடும்பத்தார் பெயரைச் சேர்த்து, மருந்தகத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே தேர்வு செய்யலாம். மனைவி, பிள்ளைகளை காய்ச்சலோடு பெங்களூருக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை.

கர்நாடக எல்லைக்குள் விபத்து நடந்தாலும், மோட்டார் வாகன இழப்பீட்டு வழக்கை பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே தொடரலாம். மோட்டார் வாகன சட்டம் 166-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. 6 மாதத்துக்குள் மனு போட்டு விடுவது பாதுகாப்பு.

ஓட்டு இங்கே, லீவு அங்கே

2024 பாராளுமன்ற தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ந் தேதி ஓட்டுப்பதிவு. பெங்களூரில் ஏப்ரல் 26. 19-ந் தேதி அங்கே கம்பெனிகளுக்கு சாதாரண வேலை நாள். இப்படிப்பட்ட நாளில் லீவு கேட்டால் "எங்க ஊர்ல இன்னிக்கு எலெக்ஷன் இல்லையே" என்று சூப்பர்வைசர் கையை விரித்தால் என்ன செய்வது?

மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 135-பி பிரிவுப்படி ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்கும், தினக்கூலிகளுக்கும் இது உண்டு என்று தேர்தல் கமிஷன் விளக்கம் கொடுத்திருக்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். அதனால் சண்டை போடுவதை விட, வாக்காளர் அட்டை நகலோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

சம்பள பாக்கிக்கு எங்கே போவது?

சம்பள விஷயம் முழுக்க வேலை பார்க்கும் மாநிலத்துக்கு சொந்தம். குறைந்தபட்ச கூலி கர்நாடக அரசு நிர்ணயித்ததுதான். பாக்கி வைத்தால் அங்கே உள்ள தொழிலாளர் துறையில்தான் புகார் கொடுக்க வேண்டும். தொழில் வரியும் கர்நாடகாவுக்கே போகிறது. மாத சம்பளம் 25 ஆயிரம் ரூபாயைத் தொட்டால் பிடித்தம் உண்டு. பி.எப். மட்டும் எந்த மாநிலம் போனாலும் ஒரே யு.ஏ.என். எண்தான்.

பஸ் டிக்கெட்டுக்காக ஆதாரை மாற்றலாமா?

பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்சில் இலவச பயணம் தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கியது. கர்நாடகாவில் 2023 ஜூன் மாதம் சக்தி திட்டம் வந்தது. ஆனால் அதற்கு கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஓசூர் பெண் எல்லையைத் தாண்டினால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

இதற்காக ஆதார் முகவரியை மாற்றிவிடலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். நாளைக்கு இங்கே வருமான சான்று, இருப்பிட சான்று கேட்கும்போது முகவரி இடிக்கும். பிள்ளைகளை பெங்களூர் பள்ளிக்கு மாற்றுவதும் அப்படித்தான். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஆகியவற்றுக்கு 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை தமிழ்நாட்டில் படித்திருப்பது முக்கியம். நடுவில் இரண்டு வருடம் அங்கே படித்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

எல்லை மூடிய நாட்கள்

2016 செப்டம்பரில் காவிரி பிரச்சினையில் பெங்களூரில் பஸ்கள் கொளுத்தப்பட்டபோது, இரு மாநில பஸ்களும் எல்லையிலேயே நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். இப்போது பொம்மசந்திரா வரை மெட்ரோ ரெயில் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டு முதல் ஓடுகிறது. ஆனாலும் பொம்மசந்திராவில் இருந்து ஓசூர் வீட்டுக்கு வருவது அதே ரோட்டில்தான்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்பெனி அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு நேரே எந்த முகவரி இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். தவறாக இருந்தால் அன்றைக்கே திருத்த எழுதிக் கொடுங்கள்.